எதிர்ச்சுற்று

டி. கல்லுப்பட்டி பஸ் நிலையச் சுவரில் தன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று அச்சடித்த சுவரொட்டியைப் பேயாண்டி பார்த்தபோது, அந்தப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பச்சை மையில் பெரிய பெரிய எழுத்து. கீழே பங்காளிகளின் பெயர்கள். எல்லாருக்கும் மேலே, ‘அழகுமலை, மிளகாய் மண்டி’. படம் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியது. தோளோரத்தில் மனைவி சீனியம்மாள் போட்டிருந்த மாலையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அவர் நேரே மண்டிக்குப் போனார்.

“என்னண்ணே இது? இன்னும் பட்டம் குடுக்கலண்ணே. கேள்வி கேப்பாக, பதில் சொல்லணும். அதுக்கப்பறந்தான்.”

அழகுமலை பெரியப்பா மகன். பேயாண்டியைக் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தவர். மூட்டையிலிருந்து ஒரு வற்றலை எடுத்து ஒடித்து மோந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஏன், பதில் சொல்ல மாட்டியாக்கும்?”

“அதுக்கில்ல…”

“கல்யாணத்துக்கு முன்னாலதானடா பத்திரிகை அடிப்பாக? தாலி கட்டி முடிச்ச பெறகா அடிப்பாக? போடா. வேனுக்குச் சொல்லியாச்சு. கெடாயும் பாத்தாச்சு. நம்ம ஆளுக அம்புட்டுப் பேரும் வாராக.”

அந்தத் தேர்வு யாரும் வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய பொதுத் தேர்வு என்பதை ஒரு நாள் பேச்சுவாக்கில் பேயாண்டியே சொல்லியிருந்தார். சொல்லியிருக்க வேண்டாம். சபை என்றால் பங்காளிகள் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்பது அழகுமலையின் கட்சி. காதுகுத்தானாலும் சரி, கணக்குப் பரீட்சையானாலும் சரி.

அது 1979, தை மாதம். மதுரையில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளராகப் பேயாண்டி சேர்ந்து பதினைந்து வருடமாகிவிட்டது. குடியிருப்பு தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. கீழே ஓயாமல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து பத்து வருடமாக, கல்லூரி வேலை போக மிச்ச நேரத்தில் அந்த ஆய்வேட்டை எழுதியிருந்தார். ஜூன் மாதம் துறைத்தலைவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் முனைவர் பட்டம் கையில் இருந்தால் அந்த இடம் பேயாண்டிக்கு. இல்லாவிட்டால் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்ட ஹாலாஸ்யத்துக்கு. ஹாலாஸ்யம் அவரைவிட ஐந்து வருடம் இளையவர், நல்ல மனிதர், வீட்டுக்கு வந்தால் சீனியம்மாளின் காப்பியைப் பாராட்டாமல் போகமாட்டார். அதனால் அவர்மேல் பொறாமைப்படவும் வழியில்லாமல் இருந்தது.

பத்து வருடமாக அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று சீனியம்மாள் ஒருமுறை கேட்டபோது அவர் வண்டியூர்த் தெப்பக்குளத்தை வைத்துச் சொன்னார்.

“குளத்துக்கு நடுவுல மண்டபம் இருக்குல்ல? இந்தக் கரையிலேருந்து எதுத்த கரைக்குப் படகுல போகணும்னா மண்டபத்துக்கு வடக்காலயும் போகலாம், தெக்காலயும் போகலாம். போற வழியெல்லாம் ஒரு கணக்கு கூட்டிக்கிட்டே போறேன்னு வச்சுக்க. ரெண்டு வழிக்கும் கூட்டுத்தொகை வேற வேற.”

“எம்புட்டு வித்தியாசம்?”

“சரியா ஒரு முழுச் சுத்துக்கு என்ன வருமோ அம்புட்டு.”

அதுதான் விஷயம். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ரீமான் பரப்பு என்பது தன்னைத்தானே வளைத்து மூடிக்கொண்ட ஒரு பரப்பு. குளத்துக்கு நடுவில் ஒரு மண்டபம் நிற்பதுபோல அதில் ஒன்றோ பலவோ துளைகள் இருக்கும். துளையைச் சுற்றி எத்தனை முறை போய் வந்தாலும் அந்தச் சுற்றுகளை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் கணக்கில் வைத்தால் வேறொரு உலகம் கிடைக்கிறது. அதற்கு யாக்கோபியன் என்று பெயர். பரப்பின் நிழல் என்று சொல்லலாம். ஆனால் வெறும் நிழல் இல்லை. எந்தப் பரப்பிலிருந்து விழுந்தது என்பதற்கு ஒரு முத்திரை அதற்குள்ளேயே பதிந்திருக்கும். பரப்பைத் திருப்பிப் பழைய இடத்திலேயே பொருத்த முடிந்தால் நிழலும் கூடத் திரும்பும். பேயாண்டியின் கேள்வி இதற்கு மறுதலை: நடுவிலுள்ள மையப் புள்ளி நகராமல், முத்திரையும் கலையாமல் நிழல் திரும்புகிற ஒவ்வொரு திருப்பமும் பரப்பின் திருப்பத்திலிருந்துதான் வருகிறதா?

ஆம் என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார். அதை நம்பி ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பெரிய அட்டவணை போட்டிருந்தார். வழிகாட்டிப் பேராசிரியர் சுப்பராமன் ஒப்புக்கொண்டார். வெளியூர்த் தேர்வாளர்கள் இருவரும் நல்லபடியாக அறிக்கை அனுப்பிவிட்டார்கள். இனி வாய்மொழித் தேர்வு ஒன்றுதான், அதுவும் சடங்கு மாதிரி.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் தெப்பத் திருவிழா. அந்த வருடம் நல்ல மழை, குளம் நிறைந்திருந்தது. காலையிலேயே சீனியம்மாளோடு போய்க் கீழ்க்கரையில் இடம் பிடித்து நின்றார். சாமியும் அம்மனும் ஏறிய தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். கொட்டுச் சத்தம், பொரி வாசனை, ஈரத் துணி வாசனை. தெப்பம் மண்டபத்தை வலமாக வந்துகொண்டிருந்தது. அவர்கள் நின்ற மூலையருகே திரும்பும்போது வடம் எங்கோ கல்லில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள். “இந்தப் பக்கம் விடுங்கப்பா! பின்னால தள்ளு, பின்னால!” வடத்தைத் தளர்த்துவதற்காகத் தெப்பத்தின்மேல் நின்று கம்பு ஊன்றுகிறவர்கள் அதைப் பின்னால் தள்ளினார்கள். கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குத் தெப்பம் இடமாகப் போயிற்று.

கொட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆத்தா, எதிர்ப்பக்கமால்ல போகுது!” என்றாள். பிறகு வடம் விடுபட்டு, தெப்பம் மறுபடி வலமாக நகர, எல்லாரும் மூச்சு விட்டார்கள். பேயாண்டி மட்டும் தெப்பம் இடமாகப் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோன பொரி கையிலேயே இருந்தது.

சுற்று என்றால் அவருக்குப் பிறந்ததிலிருந்து ஒரே திசைதான். கோயிலில் வலம். இடமாகச் சுற்றியது அவர் வாழ்க்கையில் இரண்டே தடவை, தோளில் கொள்ளிக்குடத்தோடு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும். அது கணக்கில் சேர்க்கிற சுற்று இல்லை. ஆனால் தண்ணீருக்கு அது தெரியுமா? எல்லாச் சுற்றையும் ஒரே நேரத்தில் எதிர்த்திசையில் திருப்பிவிட்டால் கூட்டுத்தொகை எல்லாம் குறி மாறும். கூட்டல் கழித்தலாகும். நிழல் அப்படியே தன்மேல் வந்து உட்காரும், மையம் நகராது, முத்திரை கலையாது. எந்த நிழலுக்கும் அந்தத் திருப்பம் உண்டு. அதை அவர் எண்ணவேயில்லை.

ஏன் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று என்பதும் அங்கேயே தெரிந்தது. சில பரப்புகள் ஒரு கோளத்தின்மேல் இரண்டு மடிப்பாகப் போர்த்தியது போல இருக்கும், இரட்டையாக மடித்த வேட்டி மாதிரி. மேல் மடிப்பையும் கீழ் மடிப்பையும் இடம் மாற்றினால் எல்லாச் சுற்றும் எதிர்ச்சுற்றாகிவிடும். அந்த வகையில் எதிர்த் திருப்பம் பரப்பிலிருந்தே வந்துவிடுகிறது, கணக்கு பொருந்திவிடுகிறது. அவர் கையால் போட்டுப் பார்த்த உதாரணம் எல்லாமே அந்த வகை. மடிப்பில்லாத மற்றப் பரப்புகளுக்கு வந்தபோது அவர் போட்டுப் பார்க்கவில்லை. ‘வேறு திருப்பங்கள் இல்லை என்பது தெளிவு’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டியிருந்தார்.

“ஏங்க, என்ன ஆச்சு? முகம் ஏன் இப்படி இருக்கு?” என்றாள் சீனியம்மாள்.

“தப்பாப் போச்சு.”

“வடந்தான் எடுத்துட்டாகளே.”

“தெப்பமில்ல. என் கணக்கு.”

மறுநாள் காலையில் சுப்பராமன் வீட்டுக்குப் போனார். பேராசிரியர் வெற்று மார்போடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“தெளிவுன்னு போட்டிருக்கேளே பேயாண்டி.”

“ஆமா சார்.”

“நானும் தெளிவுன்னு நெனச்சுண்டு தாண்டிப் போயிருக்கேன் பாருங்கோ. பாதித் தப்பு என்னோடது.” பக்கங்களைப் புரட்டினார். “அஞ்சாவது சாப்டர்?”

“மடிப்பில்லாத வகைக்கெல்லாம் எண்ணிக்கை சரியா பாதிதான் சார் வந்துருக்கு. அதவிட மோசம், ரெண்டு வகையையும் இத வச்சுப் பிரிக்க முடியாதுன்னு முடிவுரையில எழுதிருக்கேன்.”

“ம். ரிப்போர்ட் ரெண்டும் வந்தாச்சு. நாளைக்கு யாரும் அதைக் கேக்கப் போறதில்லை. நம்ம நாட்டுல தீசிஸை வாங்கினவனே மறுபடி தெறந்து பாக்க மாட்டான். பட்டத்தை வாங்கிண்டு, அப்புறம் திருத்தி ஒரு பேப்பராப் போட்டுடலாம். அதுல ஒண்ணும் குடி முழுகிடாது.” எழுந்து உள்ளே போகப் போனவர் நின்றார். “சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். எதைச் செஞ்சாலும் நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

சீனியம்மாள் அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை.

“சொன்னா?”

“திருப்பி எழுதச் சொல்வாக.”

“ஜூனுக்குள்ள முடியுமா?”

“முடியாது.”

“அப்ப ஹாலாஸ்யம் சாருக்குப் போயிரும்.” அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். “பேசாம இருங்க. பெரியத்தான் வேன் வச்சு ஆளக் கூட்டிட்டு வாராரு. அம்புட்டுப் பேரு முன்னாலயும் எந்திரிச்சு நான் தப்புன்னு சொல்லப் போறீகளா? தப்புன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தச் சாருக்குத் தெரியும். பெறகு திருத்திக்கிட்டாப் போச்சு. கறி ஒறப்பாப் போனா ரெண்டாந்தடவை சரியாப் போடுறதில்லையா?”

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. சுப்பராமன் சொன்னதும் நியாயம். பேசாமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்துதான் அவர் மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

வேன் முன்பே வந்து நின்றது. கருத்தரங்க அறையில் கணிதம் படித்தவர்கள் முன்வரிசையில் ஏழெட்டுப் பேர். பின்னால் அறை நிறையப் பங்காளிகள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பெண்கள் மடியில் மூடிய தாம்பாளங்கள். தட்டு ஒன்றில் மாலையும் பட்டு வேட்டியும் தேங்காய் பழமும் இருந்தன. அறிக்கை அனுப்பிய இருவரில் ஒருவரான, கல்கத்தாவிலிருந்து வந்திருந்த தேர்வாளர், வயதானவர், கோட்டுப் போட்டவர், அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு யார் இவர்கள் என்று சுப்பராமனிடம் மெதுவாகக் கேட்டார். குடும்பம் என்றார் சுப்பராமன். எல்லாருமா என்றார் அவர்.

பேயாண்டி நாற்பது நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். நான்காம் அத்தியாயத்தை வேகமாகத் தாண்டினார். தேர்வாளர் இரண்டாம் அத்தியாயத்தில் ஒன்றும் மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றும் கேட்டார். பதில் சொன்னார். நான்காம் அத்தியாயம் அழகாக வந்திருக்கிறது என்று தேர்வாளர் தானாகவே சொன்னார். பேயாண்டி கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

கடைசியில் வழக்கப்படி சுப்பராமன் எழுந்து, வந்திருப்பவர்களில் யாராவது கேள்வி கேட்கலாம் என்று இங்கிலீஷிலும் தமிழிலும் சொன்னார். இந்த இடத்தில் யாராவது நண்பர் எழுந்து சுலபமான கேள்வி ஒன்றைக் கேட்டு முடித்துவைப்பது வழக்கம். ஹாலாஸ்யம் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதற்குள் பின்வரிசையில் அழகுமலை எழுந்துவிட்டார்.

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரிய மனிதர் எழுந்து கேட்பாரே, அதே குரல்.

“சபைக்கு வணக்கமுங்க. என் தம்பி பேயாண்டி இம்புட்டு நேரம் சொன்னதுல ஏதாச்சும் தப்பு, குத்தம், கொறை இருந்தா யாராயிருந்தாலும் இப்பவே சொல்லிப்புடணும். பொறவு பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது.”

முன்வரிசையில் சிரித்தார்கள். அழகுமலை சிரிக்கவில்லை. அது சிரிப்பதற்கான வார்த்தை இல்லை. பின்வரிசை முழுக்கச் சபையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு வழக்கமாக வருகிற மௌனம் வந்தது. அந்த மௌனம்தான் சம்மதம். அது முடிந்தால் தட்டு மாறிவிடும்.

தேர்வாளர் கேட்டிருந்தால் பேயாண்டி சமாளித்திருப்பார். அதற்கு ஆயிரம் வழி இருந்தது. இந்தக் கேள்விக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்படி என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ சபையில் அந்த மௌனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவைகூட அதற்குள் எதையும் ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

“இருக்குண்ணே,” என்றார்.

அழகுமலைக்குப் புரியவில்லை. “என்னது?”

“தப்பு இருக்குண்ணே. என் தப்புதான்.”

பலகைக்குப் போனார். சாக்கட்டியால் ஒரு பெரிய சதுரமும் அதற்குள் ஒரு சின்னச் சதுரமும் போட்டார். பின்வரிசையில் யாரோ, “தெப்பக்கொளமுல்ல அது,” என்றார்கள். வலமாக ஓர் அம்புக்குறி போட்டார். அதை அழித்து இடமாகப் போட்டார். பிறகு இங்கிலீஷுக்கு மாறி, தேர்வாளரைப் பார்த்து, ‘தெளிவு’ என்று எழுதிய வரியிலிருந்து ஆரம்பித்தார். பேசப் பேச அவருக்கே இன்னொன்று துலங்கியது. எதிர்த் திருப்பம் எல்லா நிழலிலும் உண்டு. அது பரப்பிலிருந்து வருகிறதா, நிழலில் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பரப்பு மடிப்புள்ளதா மடிப்பில்லாததா என்று சொல்லிவிடலாம். பிரிக்க முடியாது என்று எழுதியிருந்த இடத்திலேயே பிரிக்கும் வழி கிடந்தது.

தேர்வாளர் எழுந்து வந்து பலகை பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். அந்த வரியைத் தானும் இரண்டு முறை படித்துத் தலையாட்டியதாகச் சொன்னார். பிறகு, இது நீங்கள் கொடுத்த ஆய்வேட்டைவிட நல்ல ஆய்வேடு, ஆனால் இது இன்னும் எழுதப்படவில்லையே என்றார். அறிக்கையில் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவேண்டும் என்று எழுதினார். சுப்பராமன் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் இலை போட்டு வைத்திருந்தார்கள். அழகுமலையின் மனைவி பாண்டியம்மாள் கரண்டியோடு வந்து சீனியம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னடி, பாஸா?”

“திருப்பி எழுதணுமாங்க்கா.”

“ஐயய்யோ, பெயிலா?”

“பெயிலாக்கலக்கா. இவுகளே தப்புன்னு சொல்லிட்டாக.”

“யாரும் கேக்காமயா?”

“கேட்டாகளே. உங்க வீட்டுக்காரரத்தான் கேக்கணும்.”

அழகுமலை மாலைத் தட்டை வேன் சீட்டில் வைத்துவிட்டு வந்து பேயாண்டியின் முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது.

“ஊரு பூராம் ஒட்டிருக்கேன்டா.”

“நீங்கதானண்ணே கேட்டீங்க.”

“கேக்குறது வழக்கம்டா! நூறு சபையில கேட்டுருக்கேன். எவனாச்சும் அதுக்குப் பதில் சொல்லிருக்கானா?”

அழகுமலை இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, “ஒக்காரு. கறி ஆறுது,” என்றார். அவரும் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில், யாரையும் பார்க்காமல், “ஒட்டுனதக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். நீ எழுதி முடி,” என்றார்.

எழுதி முடிக்க ஒன்றரை வருடமாயிற்று. துறைத்தலைவர் நாற்காலி ஜூனிலேயே ஹாலாஸ்யத்துக்குப் போயிற்று. பேயாண்டி அவருக்குக் கீழே, கடைசிவரைக்கும், அதே அறையில் அதே ஜன்னலோரத்து மேசையில் வேலை பார்த்தார். அது உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். நிர்வாகக் கூட்டம் நடக்கிற நாளில் வகுப்பில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். இரண்டாம் தேர்வுக்கு வேன் வரவில்லை. அழகுமலை மட்டும் பஸ்ஸில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். கேள்வி கேட்கலாம் என்று சுப்பராமன் சொன்னதும் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அழகுமலை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பட்டம் அன்றைக்குக் கிடைத்துவிட்டது. கல்லுப்பட்டிச் சுவரில் பழைய சுவரொட்டி வெயிலிலும் மழையிலும் போய், கல்யாண மாலைத் துண்டு மட்டும் மிச்சம் இருந்தது.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. தெப்பக்குளம் காய்ந்து வெடித்து, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீனியம்மாளும் அவரும் கரையோரமாக நடக்க வந்தார்கள். அவர் இடப்பக்கமாகத் திரும்பினார்.

“இதென்ன, எழவு வீட்டுச் சுத்து? நான் வரல அந்தப் பக்கம்,” என்றாள்.

“தண்ணியில்லாத கொளம். சாமியும் இல்ல.”

“இல்லாட்டி? நீங்க அப்பிடிப் போங்க. நான் இப்பிடி வாரேன்.”

அவள் வலமாகப் போனாள். அவர் இடமாகப் போனார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் காய்ந்த குளத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய சிவப்புச் சேலை மண்டபத்துக்குப் பின்னால் மறைந்து மறுபடி தெரிந்தது. எதிர்க் கரையில் ஐஸ் வண்டிக்காரன் பக்கத்தில் இருவரும் சந்தித்தபோது அவள் முந்தி வந்து நின்றுகொண்டிருந்தாள்.

“எங்கிட்டாப் போனா என்ன, இங்கதான வந்து நிக்கணும்,” என்றாள். “சேமியா ஐஸ் ஒண்ணு வாங்குங்க.”

அவர் இரண்டாக வாங்கினார்.